ஜமுக்காளம் விரித்த ராக் கச்சேரி

ராக் இசை கேட்கிறவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால், யார் எந்தக் கச்சேரியை நேரில் பார்த்தார்கள் என்று ஒரு போட்டி தானாகவே ஆரம்பமாகிவிடும். ஒருவர் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே பார்த்திருப்பார். இன்னொருவர் மும்பை வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே போய்ப் பார்த்திருப்பார். மூன்றாமவர் எதையுமே பார்த்திருக்க மாட்டார், ஆனால் மற்ற இருவரையும்விட விவரமாகச் சொல்வார். நானும் இந்த ஆட்டத்தில் சளைத்தவன் இல்லை. தொண்ணூறுகளில் வெளிநாட்டுக் குழுக்கள் பெங்களூருக்கு வர ஆரம்பித்தபோது, மைசூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் போய், எனக்கு முன்னால் நின்ற ஓர் உயரமான ஆசாமியின் முதுகை ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அந்த முதுகு இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது. மேடையில் என்ன நடந்தது என்பதை மறுநாள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

உனக்கு ஆகப் பிடித்த கச்சேரி எது என்று கேட்டால் மட்டும் நான் வேறொன்றைச் சொல்வேன். அதில் கூட்டம் மொத்தமும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் பொரி கைமாறிக்கொண்டிருந்தது. மேடையில் பேஸ் கிட்டார் வாசித்தது நான். இவ்வளவு சொன்னதும் போட்டி நின்றுவிடும், யாராவது எழுந்து காபி சொல்லப் போய்விடுவார்கள். மிச்சத்தைக் கேட்க இதுவரை ஆள் கிடைக்காததால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மைசூர் ராக் இசைக்குத் தோதான ஊர் என்று அதன் எதிரிகள்கூடச் சொன்னதில்லை. எதையும் நிதானமாகச் செய்கிற ஊர் அது. சாயங்காலம் நடக்கப் போவது, நடந்து களைத்துப் போய்க் காபி குடிப்பது, இரண்டும்தான் அங்கே முக்கியமான கலை நிகழ்ச்சிகள். நாங்கள் நாலு கல்லூரி நண்பர்கள் டிரம்ஸ் அடிக்கிறவன் வீட்டு கார் ஷெட்டில் பயிற்சி செய்வோம். முதல் வாரமே பக்கத்து வீட்டிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நாங்கள் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றோம். அவரோ, உள்ளே ஏதாவது மோட்டார் கெட்டுவிட்டதா, தெரிந்த மெக்கானிக் இருக்கிறான், அனுப்பட்டுமா என்று கேட்டார். கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்போம். அவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

எங்கள் முதல் நிகழ்ச்சி கல்லூரி அரங்கத்தில் நடந்தது. நாற்காலிகள் வந்திருந்தன, அவற்றில் உட்கார வேண்டியவர்கள் வரவில்லை. பின்னால் வாட்ச்மேன் ஒருவர் இருந்தார், அவரும் பூட்டுவதற்காகக் காத்திருந்தவர். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வர முடியாது என்பதால் அப்பா என்னை அழைத்துப்போக ஸ்கூட்டரில் வந்திருந்தார். வாசலில் நின்று அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தார். உள்ளே வராமல் திரும்பிப் போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அப்பா மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ராமாபுரத்திலிருந்து பிழைப்புக்காக மைசூர் வந்தவர். தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. நான் டிகிரி முடித்ததும் அங்கேயே எனக்கும் அப்ரண்டிஸ் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டார். நானோ கிட்டாரோடுதான் வாழ்வேன் என்று வீட்டில் அறிவித்திருந்தேன். அப்படி வாழ்ந்த யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை, கேசட் அட்டைகளில் பார்த்ததோடு சரி. அந்த நேரத்தில்தான் தசராவுக்கு மைதானத்தில் போடுகிற இளைஞர் மேடையில் எங்களுக்கும் ஓர் இடம் கிடைத்தது. அதைவிடப் பெரிய சமாசாரம், பெங்களூர்க் கல்லூரி விழாக்களுக்குக் குழுக்களை ஏற்பாடு செய்கிற ஒருவர் தசரா பார்க்க மைசூர் வருகிறார், எங்களைக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்று எங்கள் பாடகன் செய்தி கொண்டுவந்தான். அவர் தலையசைத்தால் அந்த வருஷம் முழுக்கப் பெங்களூரில் மேடை மேடையாக ஏறலாம்.

அப்பா கேட்டுக்கொண்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சரி, தசரா முடியட்டும். அந்தப் பெங்களூர்க்காரர் கூப்பிட்டார்னா போ, நான் தடுக்கல. கூப்பிடலன்னா அதுக்கடுத்த திங்கக்கெழம எங்கூட ஃபேக்டரிக்குக் கெளம்பு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றார். நான் ஒத்துக்கொண்டேன். அவ்வளவு சுலபமாக அவர் இறங்கி வந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

ராமாபுரம், கௌதள்ளிப் பக்கத்து எங்கள் சொந்தக்காரர்கள் வருஷா வருஷம் தசராவுக்கு வருவார்கள். கடைசி நாள் யானை ஊர்வலத்துக்கு முந்தின நாள் வந்து, ஊர்வலம் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். அந்த வருஷம் நாலு நாள் முன்னதாகவே வந்து இறங்கினார்கள். அப்பாவின் அக்காதான் தலைமை. அத்தை வரும்போது ஒரு பெரிய ஜமுக்காளம், மூட்டைப் பொரி, மாதேஸ்வரன் மலை விபூதிப் பொட்டலம் மூன்றும் கட்டாயம் கூட வரும். எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் போனது. நான் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த படத்திலிருக்கும் கிட்டாரையும் என்னுடையதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவங்கிட்ட ஆறு கம்பி இருக்குது. உனக்கு மட்டும் ஏஞ்சாமி ரெண்டு கொறச்சுக் குடுத்துட்டாங்க?"

"இது பேஸ் கிட்டார் அத்தை. இதுக்கு நாலுதான்."

"கேட்டு வாங்கோணும் கண்ணு. சும்மா இருந்தா இப்புடித்தான் ஏமாத்துவாங்க."

நிகழ்ச்சி அன்றைக்கு மத்தியானமே நாங்கள் மைதானத்துக்குப் போய்விட்டோம். மேடையில் ஸ்பீக்கரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே பார்த்தேன். மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை, எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் கூத்தோ நாடகமோ எதுவானாலும் முறை ஒன்றுதான். வெயில் இறங்குவதற்குள் போய் ஜமுக்காளத்தை விரித்துவிட வேண்டும். விரித்தவர்களுக்கு அந்த இடம் சொந்தம். அதற்குப் பிறகு யாரும் முன்னால் நின்று மறைக்கக் கூடாது. இந்தச் சட்டத்திலிருந்து ராக் இசைக்கு விலக்கு எதுவும் கிடையாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் போய் ஒரு ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் உண்மையான ரசிகர்கள் வந்தார்கள். மருத்துவக் கல்லூரி, என்ஜினியரிங் கல்லூரிப் பையன்கள். கறுப்புச் சட்டை, அதில் மண்டையோடு, காதில் வளையம், தோள் வரைக்கும் முடி. ஜமுக்காளத்துக்கும் மேடைக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஓரத்தில் பெங்களூர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பாடகன் எனக்குக் கண்ணால் காட்டினான். மைதானத்தின் கோடியில் கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் அப்பாவும் நின்றிருந்தார். முதல் பாட்டை எடுத்தோம். நன்றாகத்தான் எடுத்தோம். பையன்கள் கையை உயர்த்தினார்கள், ஒரு கத்தல் கிளம்பியது, என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்காகத்தானே இத்தனை நாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பாட்டின் இரண்டாவது அடி வரைக்கும்தான் நீடித்தது.

"கூத்கொள்ரப்பா, காண்சல்ல" என்று கன்னடத்தில் ஒரு குரல் வந்தது. எங்கள் ஸ்பீக்கர்களையெல்லாம் தாண்டி வந்தது. சோளக்காட்டில் கிளி விரட்டிப் பழகிய அத்தையின் குரல். அடுத்து, ஒருவேளை தமிழ்ப் பையன்கள் இருந்துவிட்டால் என்று தமிழிலும் வந்தது. "உக்கோருங்க சாமிகளா. எம்மருமகன் வாசிக்கறான், மறைக்குது."

வேறெந்த ஊராக இருந்தாலும் கதை வேறு மாதிரி போயிருக்கும். மைசூர்ப் பையன்களை வீட்டில் ஒழுங்காக வளர்த்திருந்தார்கள். சட்டையில் என்ன மண்டையோடு இருந்தாலும், வயதான ஓர் அம்மா உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். பிறகு முன்வரிசை முழுக்க உட்கார்ந்தது. பின்னால் இருந்தவர்கள் இதுதான் இந்த மேடையின் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் உட்கார்ந்தார்கள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் மைதானத்தில் நின்றிருந்தது பெங்களூர்க்காரரும் கரும்புச்சாறு வண்டிப் பக்கத்து ஆட்களும்தான். பொரி முன்னாலிருந்து பின்னால் போனது. உலகத்தை உடைத்தெறியச் சொல்லிப் பாடகன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் சம்மணம் போட்டு, மடியில் பொரியை வைத்துக்கொண்டு, மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

இதோடு போயிருந்தால் சமாளித்திருக்கலாம். ஒரு பையன் மட்டும் அடங்கவில்லை. வடக்கத்திப் பையன், முடி முதுகு வரைக்கும் இருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து ஓரமாகப் போய், டிரம்ஸுக்கு ஏற்ப முடியை விரித்துப் போட்டுத் தலையைச் சுழற்ற ஆரம்பித்தான். இந்த இசை கேட்பவர்கள் அப்படித்தான் ஆடுவார்கள். கொட்டுச் சத்தம், விரித்த முடி, சுழலும் தலை, சொருகிய கண். எங்கள் ஊரில் இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். இடுப்பிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராக அவன் முன்னால் போய் நின்றார்.

"வந்திருக்கறது யாருங்க? என்ன கொறன்னு சொல்லிப்போடுங்க. நாங்க தீத்து வெச்சர்றோம்."

அவனுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. ஒரு பெரியவர் முன்னால் நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. ஆட்டத்தை நிறுத்தித் தலையைக் குனிந்தான். அத்தை அவன் நெற்றி நிறைய விபூதி பூசி, உச்சியில் கை வைத்து, கொஞ்சம் பொரியும் கொடுத்து உட்காரவைத்தார். அதைப் பார்த்த இன்னும் இரண்டு கறுப்புச் சட்டைகள் எழுந்து வந்து தலையைக் குனிந்து நின்றன. லீட் கிட்டார்க்காரன் தனியாக வாசிக்க வேண்டிய இடம் அது. அவன் வாயைப் பிளந்துகொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த இடம் வந்து தானாகவே போய்விட்டது. பெங்களூர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசிப் பாட்டு மெதுவானது, நாங்களே போட்டது. அது என் பேஸில்தான் ஆரம்பிக்கும், மற்றவர்கள் பிறகு சேர்ந்துகொள்வார்கள். எனக்குக் கீழே பார்க்கவே அவமானமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மூடின கண்ணைப் பாட்டு முடியும்வரை திறக்கவில்லை. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அதற்கு முன்பும் அப்படி வாசித்ததில்லை, பிறகும் வாசித்ததில்லை. எல்லாம் கெட்டுப்போய்விட்டது, இனி யாருக்காகவும் வாசிக்க வேண்டியதில்லை என்று தோன்றியதும் விரல் தன்பாட்டுக்குப் போனது. அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. கண்ணைத் திறந்தபோது எங்கள் ஆட்கள் ஜமுக்காளத்தை உதறிக்கொண்டிருந்தார்கள். அப்பா அதே கரும்புச்சாறு வண்டிப் பக்கம் நின்றிருந்தார்.

பெங்களூர்க்காரர் மேடைக்குப் பின்னால் வந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். அப்போதே விஷயம் முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. "உங்கள் ரசிகர்கள் ரொம்ப ஒழுக்கமானவர்கள்" என்றார். ஒரு ராக் குழுவிடம் இதைவிட மோசமாக யாரும் எதுவும் சொல்ல முடியாது. கூப்பிடுகிறேன் என்று சொல்லி ஒரு ஃபோன் நம்பர் கேட்டார். எங்கள் தெருமுனைக் கடை நம்பரைக் கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் ஃபோன் வருவது அந்தக் கடைக்குத்தான்.

வீட்டில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி." அதற்குள் நான் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து முடித்திருந்தேன். யானை பார்க்க வருகிறவர்கள் ஏன் நாலு நாள் முன்னதாக வந்தார்கள்? மைதானத்துக்கு வழி அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஏன் முதல் ஆளாகப் போய் முன்னால் உட்கார்ந்தார்கள்? அப்பா கையால் என்னைத் தடுக்கவில்லை, ஜமுக்காளத்தால் தடுத்திருக்கிறார். எங்கள் ஒப்பந்தத்தில் தானே ஜெயித்துக்கொள்வதற்காக ஊரையே லாரி வைத்துக் கூட்டிவராத குறை. அவர் மேல் எனக்கு வந்த கோபத்தில் அவர் சாப்பிட உட்கார்ந்தால் நான் எழுந்து வெளியே போனேன். அது போதாதென்று தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பார்.

"ஃபோன் வந்துச்சா?"

குத்திக்காட்டுவதற்கு இரண்டே வார்த்தையில் இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. நான் எழுந்து உள்ளே போவேன்.

யானை ஊர்வலம் முடிந்தது. சொந்தக்காரர்களைப் பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். அத்தை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஜமுக்காளத்தை மடியில் வைத்துக்கொண்டார். மனசுக்குள் இருந்ததை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அத்தை, இந்தத் தடவ ஏன் இவ்வளவு முன்னாடியே வந்தீங்க?"

"உங்கொப்பன் விட்டானா? எங்கூரு உரக்கடைக்கு ஃபோனப் போட்டுப் போட்டு ஒரே புடி. போன தடவ அவனுக்கு முன்னால ஒரு ஆளில்லக்கா, வெறும் நாக்காலிக்கு வாசிச்சான், எனக்குப் பாக்க முடியல, நீங்க எல்லாரும் வந்து முன்னால உக்காந்துக்குங்கன்னான். ராகி நட்ட காட்டப் போட்டுட்டு வந்தோம் கண்ணு. நல்லாத்தான் வாசிச்ச. அந்த ரெண்டு கம்பிய மட்டும் கேட்டு வாங்கிப்போடு."

பஸ் கிளம்பிப் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். பிறகு நடந்தே தெருவுக்கு வந்து, கடையில் எனக்கு ஃபோன் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். கடைக்காரர் சலித்துக்கொண்டார். "ஏன் சாமி, அப்பாவும் மகனும் மாத்தி மாத்திக் கேட்டா நான் என்ன பண்றது? உங்கப்பா ஃபேக்டரி போறப்ப ஒருதடவ, வர்றப்ப ஒருதடவ. கடைய மூடாதீங்க, பெங்களூர் கால் வரும்னு நேத்து எங்கிட்டச் சண்ட."

அன்றைக்கு அப்பா வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார். நான் உள்ளே போகவில்லை.

"இல்லப்பா."

"வரும். பெரிய ஊர்க்காரங்க, நூறு வேல இருக்கும். திங்கக்கெழமன்னு சொன்னத விடு, இன்னொரு வாரம் பாக்கலாம். ஃபேக்டரி எங்க ஓடிடப் போகுது."

பேச்சு மாறக் கூடாது என்று சொன்ன மனிதர், அந்த வாரம் முடிந்ததும் இன்னொரு வாரம் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகும் இன்னொரு வாரம் என்றார். கார்த்திகை பிறந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில், போதும்ப்பா, நாளைக்கு நானும் உங்களோடு வருகிறேன் என்று சொன்னது நான்தான்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கிட்டார் வீட்டில் இருந்தது. ஃபேக்டரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சாவியைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"கடைசிப் பாட்டுல கண்ண மூடிக்கிட்டு வாசிச்ச பாரு, அது ரொம்ப நல்லா இருந்துச்சுடா."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். சங்கு ஊதியது. எனக்கு வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் மேடையில் யார் கண் மூடியிருக்கிறது, யார் கண் திறந்திருக்கிறது என்று தெரியவே தெரியாது. அந்தப் பாட்டுக்கு அவர் மைதானம் முழுவதையும் கடந்து முன்னால் வந்து, அந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்து, நான் கண்ணைத் திறப்பதற்குள் திரும்பிப் போயிருக்கிறார். என் கண் மூடியிருந்ததால் நான் அதைப் பார்க்கவில்லை.